ஒன்பது, பத்தாம் வகுப்பு வடிவியல்: ஜியோஜீப்ரா போதுமா, காம்பஸ் வேணுமா?

அஸ்தம்பட்டி டியூஷன்:
சுற்றுவட்ட மையத்துக்கு, அதாவது முக்கோணத்தின் மூணு முனை வழியாவும் போற வட்டத்தின் மையத்துக்கு, நோட்டில் மூணு முக்கோணம் வரையறதுக்குள்ள ஒரு வகுப்பு ஓடிடும். வடிவியல் படம் வரையற ஆப்பான ஜியோஜீப்ராவில் ஒரே முக்கோணம், ரெண்டு மையக்குத்துக்கோடு (பக்கத்தை நடுவில் செங்குத்தா வெட்டற கோடு). முனையைப் பிடிச்சு இழுத்தா, குறுங்கோணத்தில் மையம் உள்ளே, செங்கோணம் ஆனதும் கர்ணத்தின் நடுவில், விரிகோணத்தில் வெளியே. இதை நோட்டில் எப்படிங்க காட்டுவீங்க? வடிவியல் மொத்தத்தையும் இதிலேயே நடத்தலாம்.

காம்பஸ் பெட்டி:
பொதுத்தேர்வில் போன் கொடுப்பாங்களா சார்? வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மார்க் பென்சில் முனையில நிக்குது.

3 செ.மீ ஆர வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து ரெண்டு தொடுகோடு. கையில் வரையறவன் அந்த 5 செ.மீ கோட்டை இருசமமா வெட்டி, 2.5 செ.மீ ஆரத்தில் இன்னொரு வட்டம் போட்டாகணும். அரைவட்டத்தில் கோணம் 90 பாகைங்கிறது எதுக்குன்னு அங்கதான் புரியும். உங்க ஆப்பில் தொடுகோட்டுக்கே ஒரு பட்டன். புள்ளியைத் தொட்டு வட்டத்தைத் தொட்டா ரெண்டும் வந்து நிக்குது. பையன் கத்துக்கிட்டது விரல் வைக்க மட்டும்.

அஸ்தம்பட்டி டியூஷன்:
அப்ப பட்டனை எடுத்துடுங்க. கணினியில் போடற ஜியோஜீப்ரா கிளாசிக் 5இல் கருவிப்பட்டையை நாமே மாத்தலாம். புள்ளி, கோடு, வட்டம், வெட்டுப்புள்ளி நாலை மட்டும் விட்டு ஃபைலைச் சேமிச்சுக் கொடுங்க. நடுப்புள்ளிக்குக்கூட ரெண்டு வட்டம் வெட்டித்தான் ஆகணும், காம்பஸ் வேலையேதான்.

கண்ணளவில் உரசற மாதிரி கோடு போட்டவனும் மாட்டுவான். வெளிப்புள்ளியை நகர்த்தினா கோடு வட்டத்தை வெட்டும், இல்ல விலகும். நோட்டில் அந்தத் திருட்டு தெரியாது.

காம்பஸ் பெட்டி:
தெரியும். தொடுகோட்டை அளந்தா 4 செ.மீ வரணும், 25இல் 9 போனா 16, அதன் வர்க்கமூலம். 3.7 வந்தா ஒண்ணு காம்பஸ் திருகு லூசு, இல்ல பையன் கண்ணளவு. அது இருக்கட்டும். உங்க ஆப் ஒரு முக்கோணத்தின் கோணங்களை 47.13, 61.43, 71.45னு காட்டுது. கூட்டினா 180.01! எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டா என்ன சொல்வீங்க?

அஸ்தம்பட்டி டியூஷன்:
ஏறக்குறைய 47.126, 61.427, 71.447, மூணும் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டிருக்கு, அவ்வளவுதான். தசம இடத்தை நாலாக்கினாலும் வம்பு கடைசி இலக்கத்துக்கு நகரலாம், போயிடும்னு உறுதி இல்ல. மூணு கோணத்தின் பெயரையும் உள்ளீட்டுப் பெட்டியில் கூட்டச் சொல்லுங்க. உள்ளே முழு மதிப்பை வெச்சுக் கூட்டறதால 180தான் வரும்.

ஏற்காடு மேல்வளைவு:
20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தா இங்கே வேற கதை. மலைக் கிராமங்கள்ல சிக்னலை நம்பி ஆன்லைன் லிங்க் அனுப்பாதீங்க. கிளாசிக் 5ஐ பென்டிரைவில் கொண்டு போய்ப் போட்டுட்டா அப்புறம் நெட் வேண்டாம்.

61 பாகைக்குப் பதில் 299 வந்தா புள்ளிகளைத் தொட்ட வரிசை தப்பு. கோணத்தை இடஞ்சுழியா, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் அது அளக்கும். பலகோணத்தையும் இடஞ்சுழியா வரைஞ்சிருந்தா, கோணக் கருவியை எடுத்து உள்ளே ஒரு தொடு தொட்டா உட்கோணம் எல்லாம் வந்துடும். போன்ல இன்னொரு தொல்லை, திரையை நகர்த்தப் போய் புள்ளி நகர்ந்துடும். வட்ட மையத்தைப் பூட்டிடுங்க.

காம்பஸ் பெட்டி:
இதெல்லாம் வடிவியலுக்குச் சரி. வரைபடத்துக்கு வாங்க. (−2, 0), (−1, 0), (0, 2) வழியாப் போற பரவளையம். முழு எண்ணை மட்டும் அட்டவணையில் போடறவன் அந்த முதல் ரெண்டு புள்ளியையும் ஸ்கேல் வெச்சு இணைச்சு அடியைத் தட்டையாக்கிடுவான். முனை உண்மையில் (−1.5, −0.25). செங்குத்து அச்சில் 1 செ.மீக்கு 2 அலகுன்னா, x அச்சுக்குக் கீழே 1.25 மி.மீ. ஜியோஜீப்ரா தானா வளைச்சுக் காட்டிடும். −1.5ஐ அட்டவணையில் சேர்க்கணும்னு தேர்வு அறையில அவனுக்கு யார் சொல்றது?

அஸ்தம்பட்டி டியூஷன்:
கையில் தட்டையா வரைஞ்சவனையே அந்த இடத்தைத் திரையில் பெரிசாக்கிப் பார்க்கச் சொல்லுங்க. நோட்டு முதல்ல, போன் அப்புறம். இந்த ஒண்ணுக்கு மட்டும் உங்க வரிசையை ஒத்துக்கறேன், சுற்றுவட்ட மையத்துக்கு இல்ல.