சோடியத்தை எடுத்தும் லியூசின் குறையலையே, ஏன்?

உட்லண்ட்ஸ் மாணவி:
வணக்கம். பாலிடெக்னிக் கடைசி வருஷ புராஜெக்ட். ஹீலா செல்லுக்குள்ள (லேப்ல வளர்க்கிற மனுஷப் புற்றுநோய் செல்) ட்ரிடியம்ங்கிற கதிரியக்க ஹைட்ரஜன் போட்ட அலனின், லியூசின்னு ரெண்டு அமினோ அமிலம் எவ்வளவு போகுதுன்னு அளக்கிறேன். செல்லை வைக்கிற உப்புக் கரைசலில், அதாவது பஃபரில், சோடியம் குளோரைடுக்குப் பதிலா சோடியமே இல்லாத கோலின் குளோரைடு போட்டா அலனின் நல்லா இறங்குது, லியூசின் அசையல. அமினோ அமிலமே இல்லாத பஃபரில் நாலு மணி நேரம் வச்சா அலனின் கூடுது, லியூசின் குறையுது. பட்டினி போட்டா ரெண்டும் கூடணும் இல்லையா?

புவன விஸ்தா லேப் அக்கா:
இல்லம்மா, ரெண்டும் கூடணும்னு இல்லை. உன் அளவு அழகா வந்திருக்கு, அதை சந்தேகப்படாதே.

அலனினுக்கு முக்கியமான வழி சிஸ்டம் ஏ, அதாவது செல் சவ்வில் அமினோ அமிலத்தைக் கடத்துற ஒரு வகை. செல்லுக்கு வெளியே சோடியம் 145 மில்லிமோலார் அளவு, உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குதான். அந்தச் சரிவில் இறங்குற சோடியம் அலனினையும் கூட இழுத்துட்டு வரும். சோடியம் இல்லைனா இழுக்க ஆளில்லை. பட்டினியில் செல் ஸ்நாட்2ங்கிற சிஸ்டம் ஏ கடத்திப் புரதத்தைக் கூடுதலா செய்யும், அதான் உன் அலனின் ஏறுது.

லியூசின் போறது சிஸ்டம் எல்ங்கிற இன்னொரு வழி. இந்த ரெண்டையும் ஆக்சண்டரும் கிறிஸ்டென்சனும் 1963லயே எர்லிக் கட்டிச் செல்லில் (எலியோட புற்றுநோய் செல்) பிரிச்சுக் காட்டிட்டாங்க. சிஸ்டம் எல்லோட கடத்திப் புரதமான லாட்1 சோடியத்தைக் கேட்காது, பண்டமாற்றுதான்: உள்ளிருந்து ஒரு அமினோ அமிலம் வெளியே போனா வெளியிருந்து ஒண்ணு உள்ளே வரும். உள்ளே சேர்ந்திருக்கிற குளுட்டமின் அதுக்கு நல்ல சரக்கு. நாலு மணி நேரத்தில் அது கரைஞ்சிடுது, மாத்திக்கொடுக்க ஒண்ணுமில்லை. எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்: என்ன வரும்னு முடிவு பண்றதில் உள்ளே இருக்கிறதுக்கும் பங்கு உண்டு.

ஜூரோங் வெஸ்ட்:
அளக்கிற நேரம் ஒரு நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும். உடனே ஐஸ் பஃபரில் கழுவுங்க. எச்.இ.கே. (மனுஷக் கரு சிறுநீரக) செல்லா இருந்தா கழுவும்போதே உரிஞ்சு வரும், ஹீலா தாங்கும்.

உட்லண்ட்ஸ் மாணவி:
நன்றிக்கா. சூப்பர்வைசர் கேட்டா எப்படி நிரூபிக்கிறது?

புவன விஸ்தா லேப் அக்கா:
பட்டினிக்கு அப்புறம் தட்டில் ஒரு வரிசை வெல்லுக்கு (குழிக்கு) மட்டும் குளுட்டமின் கொடு, கழுவு, உடனே லியூசினை அள. ஏறினா பண்டமாற்றுதான். சிஸ்டம் எல்லை அடைக்கிற பி.சி.எச். போட்டா அந்த லியூசின் அடங்கணும். ஆனா அதை லியூசினோட சேர்த்தே ஊத்து. முன்னாடியே ஊற வச்சா அதுவே உள்ளே போய் மாற்றுச் சரக்காயிடும். அலனின் பக்கத்துக்கு, பட்டினி நேரத்தில் புரத உற்பத்தியைத் தடுக்கிற சைக்ளோஹெக்சிமைடு போட்டுப் பாரு. புதுப் புரதம் செய்ய முடியாம ஏற்றம் பெரும்பாலும் நின்னுடும்.