பச்சை விளக்கை டபுள் எக்ஸ்போஷர் ஆக்காதீர்கள்: பிளைத் ஸ்பிரிட் (1945)

கண்ணாடிப்பேழை:
பழைய பேய் நகைச்சுவைப் படங்களின் பட்டியல் என்று டாப்பர்தாசன் போட்டிருக்கும் பதிவில் ஒரு வரி: "பிளைத் ஸ்பிரிட்டில் எல்விரா பேயை டபுள் எக்ஸ்போஷரில் ஊடே தெரியும்படி எடுத்தார்கள், அதற்குத்தான் ஆஸ்கர்." டபுள் எக்ஸ்போஷர் என்றால் ஒரே பிலிமில் இரண்டு முறை பதிவது. படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. இதை இயக்கிய டேவிட் லீன் என்றால் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் ஒட்டகமும் பாலைவனமும் மட்டும் தெரிந்தவர்கள் இந்தப் படத்தைத் தொடுவதே இல்லை. தொடுகிறவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். எல்விராவாக வரும் கே ஹாம்மண்டுக்கு முகம், கை, விக், உடை எல்லாம் சாம்பல் கலந்த பச்சை. உதடும் நகமும் மட்டும் சிவப்பு. அவர் நகரும் இடமெல்லாம் பச்சைச் சாயல் விளக்கு ஒன்று கூடவே போகும். அவர் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் சோபாத் துணி தெரிகிறதா? ஒரே ஒரு ஃபிரேம் காட்டுங்கள்.

டாப்பர்தாசன்:
வாங்க வாத்தியாரே, பிரம்போடதான் வருவீங்கன்னு தெரியும். 1947 விழாவுல ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் வாங்கினது டாம் ஹோவர்ட். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்! பச்சை பவுடர் பூசினதுக்கா குடுத்தாங்க? அப்படின்னா நம்ம ஊர் தெருக்கூத்துக்காரங்க வீட்டுல ஆளுக்கு ரெண்டு ஆஸ்கர் இருக்கணுமே.

கண்ணாடிப்பேழை:
கேட்டது சோபா. பதில் ஆஸ்கர். சரி, ஆஸ்கருக்கே வருகிறேன். அந்த ஆண்டு எதிரே நின்ற படம் 'எ ஸ்டோலன் லைஃப்'. பெட்டி டேவிஸ் இரட்டைச் சகோதரிகளாக நடித்தது. ஒரே ஃபிரேமில் ஒருத்தியே இரண்டு முறை, முழுக்க நீங்கள் கொண்டாடும் இரட்டைப் பதிவு வித்தை. அது தோற்றது, பச்சைப் பேய் ஜெயித்தது. இந்தப் படத்தில் பூச்சாடி தானாக அறையைச் சுற்றுகிறது, நாற்காலி நகர்கிறது, ஓட்ட ஆளில்லாமல் கார் போகிறது. விருதுக்கு இவை போதாதா?

கோமளா_நெல்லை:
படம் பார்க்காதவர்களுக்குக் கதையை யாராவது சொல்லுங்களேன். இவர்கள் இருவரும் சொல்லப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சார்லஸ் ஓர் எழுத்தாளர் (ரெக்ஸ் ஹாரிசன்). நாவலுக்குத் தகவல் சேர்க்க மேடம் அர்காட்டி என்ற ஆவி அழைக்கும் அம்மாளை வீட்டுக்குக் கூப்பிடுகிறார். செத்துப்போன முதல் மனைவி எல்விரா வந்து இறங்கிவிடுகிறாள். அவள் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள், இரண்டாவது மனைவி ரூத்துக்குத் தெரியமாட்டாள். எல்விராவைப் பார்த்து அவர் "வாயை மூடு" என்றால், தன்னைத்தான் சொன்னார் என்று ரூத் கொதிப்பாள். மேடம் அர்காட்டியாக மார்கரெட் ரூதர்ஃபோர்ட் சைக்கிளில் வந்து இறங்கும் காட்சி ஒன்றுக்காகவே பார்க்கலாம். நீங்கள் பச்சையைத் தொடருங்கள்.

நாடகப்பித்து:
ஐயா, எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். இது 1941 ஜூலையில் லண்டன் பிக்கடிலி தியேட்டரில் மேடையேறி, 1,997 காட்சிகள் ஓடிய நாடகம். அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகம் வந்து 1957இல் முறியடிக்கும் வரை இசை நாடகம் அல்லாதவற்றில் லண்டனில் அதுதான் சாதனை. ஹாம்மண்டும் ரூதர்ஃபோர்டும் மேடையிலேயே அந்த வேடங்களைச் செய்தவர்கள். சார்லஸாக மேடையில் நின்றவர் செசில் பார்க்கர். அவரை விட்டுவிட்டு ஹாரிசனைப் போட்டார்கள். முடிவையும் கெடுத்தார்கள். நாடகத்தில் சார்லஸ் இரண்டு பேய் மனைவிகளையும் உதறிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். படத்தில் காரோடு செத்து, பாலத்தில் இருவருக்கும் நடுவில் தானும் பேயாக வந்து உட்காருகிறார். நாடகத்தை எழுதிய நோயல் கோவர்டுக்கே பிடிக்காத படம் இது.

கண்ணாடிப்பேழை:
நாடகப்பித்து ஐயா, எந்த இழையிலும் செசில் பார்க்கரைக் கொண்டுவருகிறீர்கள். பேச்சு சோபாவைப் பற்றி.

ஜெலட்டின்பேப்பர்:
லைட் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. பச்சை ஃபில்டர் போட்ட விளக்கை அப்படியே ஆள் மேல் அடித்தால் சிவப்பு உதடு கறுப்பாகத்தான் பதிவாகும். சிவப்புச் சாயம் திருப்பி அனுப்புவதற்குப் பச்சை விளக்கில் சிவப்பே கிடையாது. ஆனால் எல்விரா உதடு படம் முழுக்கச் சிவப்பாகவே இருக்கிறது. ஆக அந்த விளக்கு வெளிறிய சாயல்தான், அடிப்படை வெளிச்சம் வெள்ளை. வேலையின் பெரும்பகுதி மேக்கப்பிலும் உடையிலும். "கூடவே போகும் விளக்கு" என்று அதைத் தெய்வமாக்க வேண்டாம்.

கண்ணாடிப்பேழை:
விளக்கு இல்லை என்று நிரூபிக்கவா இவ்வளவும்? வெறும் மேக்கப் என்றால் மங்கலான மூலையில் நிற்கும்போதும் அவர் தனியாக மினுங்குவது எப்படி? மற்றவர்கள் நிழலில், அவர் மட்டும் ஒளியில். அந்த வேலை விளக்குடையது.

ஜெலட்டின்பேப்பர்:
இல்லை என்று எங்கே சொன்னேன்? எது எவ்வளவு என்கிறேன். அதைச் செய்வது எப்படி என்று கேளுங்கள். ஸ்பாட் உயரத்தில், ஆளுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேர் முன்னால் வைத்தால் பின்சுவரில் பச்சை வட்டம் விழும். பார்ன்டோரை (விளக்கு முகப்பின் மடிப்புத் தகடுகளை) ஒடுக்கி, கட்டர் (ஒளியை மறைக்கும் தட்டி) வைத்து வெட்டி, ஆளின் அகலத்துக்கு மட்டும் விட வேண்டும். அவர் நடந்தால் லைட்மேன் கையால் திருப்பிக்கொண்டே வரணும், ஆகவே நடிகை ஒவ்வொரு நடையிலும் ஒரே தடத்தில் போகணும். ஒரு சாண் தள்ளிப் போனாலும் விளிம்பு பக்கத்து ஆள் சட்டையில் ஏறும். ஹாரிசன் தோளில் அவர் சாய்ந்தால் ஹாரிசன் கன்னமும் பச்சை, டேக் போச்சு. ஆர்க் விளக்கில் டிம்மர் போட்டு வெளிச்சத்தைக் குறைக்கவும் முடியாது, ஷட்டரைத்தான் மூட வேண்டும். இதில் டபுள் எக்ஸ்போஷருக்கு வேலையே இல்லை. அதில் உங்கள் பக்கம்தான்.

டாப்பர்தாசன்:
ரெண்டு பேரும் தனியா ஒரு கல்யாண மண்டபம் பிடிச்சு சீரியல் பல்பு போடுங்க. நான் கேட்டது ஒண்ணுதான்: பேய்னா ஊடே தெரியணுமா வேண்டாமா? 1937லயே 'டாப்பர்' படத்துல கேரி கிராண்டும் கான்ஸ்டன்ஸ் பென்னட்டும் பேயா வந்து கண் முன்னால கரைஞ்சு காணாமப் போறாங்க. ராய் சீரைட் செஞ்ச வேலை. எட்டு வருஷம் கழிச்சு, கலர்ல எடுக்கறவன், அதுகூடச் செய்யாம முகத்துல பச்சை அப்பினான்னா அது சிக்கனம், கலை இல்ல.

கண்ணாடிப்பேழை:
அப்பாடா. "டபுள் எக்ஸ்போஷரில் எடுத்தார்கள்" என்பது இப்போது "அதுகூடச் செய்யவில்லை" ஆகிவிட்டது. குறித்துக்கொள்ளுங்கள். இனி ஏன் செய்யவில்லை என்பதற்கு வருகிறேன், கேமரா பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாக.

கறுப்பு வெள்ளையில் ஊடே தெரியும் பேய் செய்ய, கேமராவை அசையாமல் பூட்ட வேண்டும். முதலில் அறையையும் உயிருள்ளவர்களையும் எடுத்து, பிலிமை அதே ஃபிரேமுக்குச் சுற்றிக் கொண்டுவந்து, முழுக்கக் கறுப்பு வெல்வெட் மூடிய இடத்தில் பேயை மட்டும் மறுபடி பதிய வேண்டும். கறுப்பு பதியாது, பேய் மட்டும் மேலே படியும். தொல்லை எங்கே? பேய்க்குப் பின்னால் வெளிச்சமான சுவர் இருந்தால் பேய் கழுவிப் போய்விடும், இருட்டான அலமாரி இருந்தால் பளிச்சென்று நிற்கும். நடக்க நடக்க அடர்த்தி மாறும். உயிருள்ளவரின் கையை அது பிடிக்க முடியாது. கேமரா ஒரு விரல்கடை திரும்ப முடியாது.

இது டெக்னிகலர். லென்ஸுக்குப் பின்னால் பிரிஸம், ஒரே நேரத்தில் மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ். பச்சைப் பதிவு தனிப் பிலிமில், நீலமும் சிவப்பும் முகத்தோடு முகம் ஒட்டி ஓடும் இரண்டு பிலிமில். திரும்பச் சுற்றுவதென்றால் மூன்றும் அதே ஃபிரேமுக்கு வர வேண்டும். ஒன்று மயிரிழை பிசகினாலும் ஓரமெல்லாம் வண்ண விளிம்பு. அதோடு அது போர்க்காலம், இங்கிலாந்தில் அந்தக் கேமராக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவுக்கும் மேல், எல்விரா சார்லஸுக்கு முழு உருவமாகத் தெரிந்தால்தான் சிரிப்பு. அவர் பக்கத்து ஷாட்டில் அவள் சாடியைத் தூக்கி நடக்கிறாள். ரூத் பக்கத்து ஷாட்டில் சாடி மட்டும் மிதக்கிறது. பாதி தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் இந்த வெட்டு வேலை செய்யுமா? சோபா ஃபிரேம் இன்னும் வரவில்லை.

டாப்பர்தாசன்:
பிஎச்டி முடிஞ்சுதா? கறுப்பு வெல்வெட்டுக்கு எப்பவாவது எடம் வரும்னு காத்துக்கிட்டிருந்தீங்க போல. 'பட்டணத்தில் பூதம்' இழையில யாரும் சீண்டலன்னு அங்க விட்ட புகை இங்க வருது.

கண்ணாடிப்பேழை:
அந்த இழையை நீங்கள் நினைவூட்டுவது ஆச்சரியம். 1967ஆம் ஆண்டுப் படத்தில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் தேடியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கித்துல்கலைக்காரன்:
பாலம் எண்டு கதை வந்தபடியால் ஒரு விசயம். லீன் தன்ர 1957 படம் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்'க்குப் பாலம் கட்டினது தாய்லாந்தில இல்லை, எங்கட கித்துல்கலையில, களனி கங்கைக்கு மேல. இஞ்ச ஆரும் அதைச் சொல்லேல்லை.

கோமளா_நெல்லை:
யாரும் தாய்லாந்து என்றே சொல்லவில்லையே?

கித்துல்கலைக்காரன்:
சொல்ல முந்திச் சொன்னனான். எப்பவும் சொல்லுவினம்.

நாடகப்பித்து:
பாலத்தைப் பற்றி நான்தான் எழுதினேன். அது எந்த நாட்டுப் பாலம் என்பதல்ல என் வருத்தம். சார்லஸ் சாகக்கூடாது. எல்விரா காரில் கைவைப்பது அவரைத் தன்னிடம் இழுத்துக்கொள்ள. அதில் ரூத் ஏறிச் செத்ததுதான் கோவர்டின் குயுக்தி. அதே வித்தையை இரண்டாம் முறை சார்லஸுக்கும் வைத்தால் என்ன மிச்சம்?

ஜெலட்டின்பேப்பர்:
மிதக்கும் சாடிக்கும் ஒரு குறிப்பு. கம்பி எவ்வளவு மெல்லியதானாலும் டெக்னிகலருக்கு வேண்டிய வெளிச்சத்தில் மின்னும். பின்னணி நிறத்தில் மந்தமாகப் பெயின்ட் அடிக்க வேண்டும், சுவரில் பூ அச்சுத் தாள் இருந்தால் இன்னும் நல்லது, கோடு மறையும். ஒற்றைக் கம்பியில் தொங்கினால் சாடி பம்பரமாகச் சுற்றும், குறைந்தது இரண்டாவது கட்ட வேண்டும். சாடியில் நிஜத் தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தளும்பி ஆட்டம் கொடுக்கும், அடியில் ஈயத்துண்டு வைப்பது மேல். இதையெல்லாம் விட்டுவிட்டு விளக்கு விளக்கு என்றால்…

கண்ணாடிப்பேழை:
விளக்கு விளக்கு என்றுதான் சொல்வேன். மேக்கப் அசையாது, விளக்குதான் அசைகிறது. உயிர் அங்கேதான் இருக்கிறது.

டாப்பர்தாசன்:
கடைசியில ரூத்தும் செத்து அதே கலர்ல வர்றாளே. ரெண்டு பேய்க்கு ரெண்டு விளக்கா? ரெண்டும் குறுக்க குறுக்க நடந்தா உங்க லைட்மேன் என்ன, பரதநாட்டியம் ஆடுவானா? இதுக்கு மொதல்ல பதில் வரட்டும்.

ஜெலட்டின்பேப்பர்:
இரண்டு ஸ்பாட் வேண்டியதில்லை. பக்கம் பக்கமாக நிறுத்தினால் ஒன்றே போதும். பிரித்து நிறுத்தினால்தான் சிக்கல்.

கண்ணாடிப்பேழை:
கேள்வி என்னிடம் கேட்டது. நானே பதில் சொல்கிறேன். இரண்டு விளக்கு.

ஜெலட்டின்பேப்பர்:
ஒன்று போதும் என்று இப்போதுதானே எழுதினேன்? எத்தனை செட்டில் ஸ்டாண்ட் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் கோபம் வரும்.

நெறியாளர்:
தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். இலங்கை, பாலம், பட்டணத்தில் பூதம் எல்லாவற்றுக்கும் தனித்தனி இழைகள் உண்டு.

கித்துல்கலைக்காரன்:
பாலத்துக்கு இழை எங்க? தேடிப் பாத்தனான், இல்லை.

டாப்பர்தாசன்:
ஒரு விளக்கா ரெண்டு விளக்கான்னு உங்களுக்குள்ளயே முடிவாகல, என்னைத் திருத்த வந்துட்டீங்க. பட்டியல்ல இருக்கற வரிய மாத்தமாட்டேன். 'டாப்பர்' முதலிடம், அதுவும் அப்படியேதான் இருக்கும்.

கண்ணாடிப்பேழை:
எந்த 'டாப்பர்'? 1985இல் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசி விட்டார்களே, அதைப் பார்த்துவிட்டா முதலிடம் கொடுத்தீர்கள்? ஏனென்றால் உங்கள் பதிவில் ஒட்டியிருக்கும் படத்தில் கேரி கிராண்ட் முகம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது.