டூசான் வீட்டில் கறுப்புப் பூச்சி, வயிற்று ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை: யாருக்காவது தெரியுமா?

வைகைக்கரை:
வணக்கம். நாங்கள் அரிசோனாவில் டூசான் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறோம், பின்வேலியைத் தாண்டினால் வெறும் பாலைவனம்தான், சப்பாத்திக்கள்ளியும் சாகுவாரோ கள்ளியும். அம்மா மதுரையிலிருந்து வந்திருக்கிறார். இன்று காலை அவர் படுக்கும் அறையில், ஜன்னல் திரையின் மடிப்புக்குள் இது உட்கார்ந்திருந்தது. படம் போட்டிருக்கிறேன், மங்கலாக இருந்தால் மன்னிக்கவும். முக்கால் அங்குலம் இருக்கும். கருப்பும் பழுப்பும் கலந்த நிறம், தட்டையான முதுகு, மடித்து வைத்த சிறகுக்கு வெளியே தெரிகிற வயிற்று ஓரத்தில் ஆரஞ்சு நிறம் பட்டை பட்டையாக. தலை மட்டும் ஒல்லியாக நீண்டிருக்கிறது. கரப்பான் மாதிரி ஓடவில்லை, நிதானமாகத்தான் நடந்தது. இப்போது எவர்சில்வர் டம்ளருக்கு அடியில் இருக்கிறது.

"மூட்டைப்பூச்சிதான்டா, அமெரிக்காவில் நல்ல சாப்பாடு போல" என்கிறார் அம்மா. இரவு தூக்கம் கலையாமல் தூங்கினார், காலையில் எழுந்தால் முழங்கைக்குக் கீழே நாலைந்து இடத்தில் சிவந்து தடித்திருக்கிறது, நல்ல அரிப்பு. கொசுக்கடி என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? வீடு முழுக்க மருந்து அடிக்கச் சொல்லவா?

சாண்ட்லர் பாலா:
பயப்படாதீங்க ப்ரோ. இது லீஃப் ஃபுட்டட் பக். எங்கள் மாதுளை மரத்தில் கூட்டம் கூட்டமாக இருக்கும், பழத்தில் சாறு உறிஞ்சும், மனிதரைக் கடிக்காது. வெளியே விட்டுவிடுங்கள்.

கள்ளிக்காடு:
வெளியே விட வேண்டாம், டம்ளரையும் தூக்க வேண்டாம். பாலா சொல்கிற பூச்சிக்குப் பின்னங்கால் இலை மாதிரி அகன்று தட்டையாக இருக்கும், பெயரே அதனால்தான். படத்தில் கால்கள் எல்லாமே குச்சி குச்சியாகத் தெரிகின்றன. எனக்கு இது கிஸ்ஸிங் பக், அதிலும் டூசானில் அதிகம் கிடைக்கிற ட்ரையடோமா ரூபிடா என்றுதான் படுகிறது. உறுதிப்படுத்த ஒன்று செய்யுங்கள்: ஒரு கண்ணாடி டம்ளருக்கு மாற்றி, பக்கவாட்டில் இருந்து தலைக்கு அடியில் பாருங்கள். இரத்தம் குடிக்கிற இந்த வகைக்கு உறிஞ்சுகுழல் மெலிதாக, நேராக, தலைக்கு அடியில் ஒட்டி மடங்கியிருக்கும், முன்னங்கால்களைத் தாண்டாது. செடிச் சாறு குடிப்பவற்றுக்கு அது முன்னங்கால்களைத் தாண்டி நீளும். மற்ற பூச்சிகளைக் குத்தித் தின்கிற வேட்டைக்காரப் பூச்சிகளுக்குத் தடித்து வளைந்திருக்கும். இங்கே வெஸ்டர்ன் கோர்சேர் என்று ஒன்று உண்டு, சிறகில் ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக ஒரு புள்ளி, அதைப் பார்த்தும் நிறைய பேர் குழம்புவார்கள். அது குத்தினால் உயிர் போகிற வலி, தூங்குகிறவர் எழுந்துவிடுவார். கிஸ்ஸிங் பக் கடித்தால் அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது, அதன் எச்சில் அப்படி. உங்கள் அம்மா தூக்கம் கலையாமல் காலையில் தடிப்போடு எழுந்தார் என்பதும் இதனோடு பொருந்துகிறது.

இப்போது ஏன் வந்தது என்றால், இதுதான் சீசன். மே முதல் ஜூலை வரை, பருவமழை தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற அந்தச் சூட்டில், சிறகு முளைத்தவை இரவில் பறந்து விளக்கு வெளிச்சத்துக்கு வரும். அதன் சொந்த வீடு பேக்ராட் எலியின் கூடு. கள்ளிக்கு அடியில் குச்சி, கள்ளித்துண்டு, சாணி, பிளாஸ்டிக் மூடி என்று கிடைத்ததையெல்லாம் குவித்து வைத்திருக்குமே, அதேதான். எலி தூங்கும்போது அதன் இரத்தத்தைக் குடித்து வாழ்கிறது.

அம்மா சொன்னதிலும் பாதி சரி. மூட்டைப்பூச்சிக்கு இது தூரத்துச் சொந்தம், ஒரே வரிசை, வேறு குடும்பம்.

இரவுப்பணி நர்ஸ்:
பூச்சியின் பெயர் இருக்கட்டும், அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கடியால் அரிசோனாவில் முதலில் கவலைப்பட வேண்டியது அலர்ஜிதான். பெரும்பாலானவர்களுக்குச் சில நாள் அரிப்போடு போய்விடும், ஆனால் முன்பு கடி வாங்கி உடம்பில் அலர்ஜி உண்டாகிவிட்டவர்களுக்கு அடுத்த கடியில் கடுமையாகலாம். உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல், இதில் எது வந்தாலும் யோசிக்காமல் அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள். வேறு அறிகுறி இல்லையென்றால் சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் ஒற்றடம் கொடுங்கள். எண்ணெய் தடவினால் தப்பில்லை, சொறியத்தான் கூடாது. பயணக் காப்பீட்டு அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வையுங்கள்.

வைகைக்கரை:
கண்ணாடி டம்ளருக்கு மாற்றிப் பார்த்தேன். குழல் மெலிசு, நேராக, தலைக்கு அடியில் மடங்கித்தான் இருக்கிறது. பின்னங்காலும் ஒல்லி. அம்மாவுக்கு வேறு தொந்தரவு இல்லை, தோசை சுட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் இணையத்தில் தேடினால் சாகஸ் நோய், இதயம் வீங்கும் என்றெல்லாம் வருகிறதே?

கள்ளிக்காடு:
வரும். 1909-ல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் கண்டுபிடித்த நோய், கிருமி ட்ரிப்பனோசோமா க்ரூசி. அது கடியில் வருவதில்லை, பூச்சியின் கழிவில் இருக்கிறது. கடித்த இடத்தைச் சொறியும்போதோ, அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கும்போதோ உள்ளே போகும். 2010-ல் வெளியான டூசான் ஆய்வு ஒன்றில், சோதித்த பூச்சிகளில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் கிருமி இருந்தது. கேட்டால் வயிறு கலங்கும்தான். அப்படியும் இந்த ஊரிலேயே மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது, ஏனென்றால் தென் அமெரிக்காவில் நோய் பரப்புகிற இனங்கள் குடிக்கக் குடிக்க அங்கேயே கழிக்கும், நம்மூர் ரூபிடா பெரும்பாலும் ஆளைவிட்டு இறங்கிய பிறகுதான். மருத்துவரிடம் சொல்லி வையுங்கள், இரத்தப் பரிசோதனை எப்போது என்று அவரே முடிவு செய்யட்டும். நாளைக்கே ஓடிப்போய் ஆன்டிபாடி சோதனை எடுத்தால் எதையும் காட்டாது, அதற்குச் சில வாரம் ஆக வேண்டும்.

பூச்சியை நசுக்க வேண்டாம், வெறும் கையால் தொடவும் வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, அரிசோனா பல்கலைக்கழக எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் காட்டுங்கள். அது உட்கார்ந்த இடத்தையும் டம்ளரையும் ப்ளீச் கலந்த தண்ணீரால் துடையுங்கள். அந்த எவர்சில்வர் டம்ளரில் இனி காபி வேண்டாமே!

சாண்ட்லர் பாலா:
சரி, பின்னங்கால் என் பூச்சியோடது இல்லைதான். அப்போ மருந்து அடிக்கிறவரைக் கூப்பிடலாமில்லையா? எங்கள் தெருவில் எல்லாருமே மாதாமாதம் அடிக்கிறார்கள்.

பொட்டல்வெளி:
காசுக்குக் கேடு பாலா. இது வீட்டுக்குள் குடியிருக்கிற பூச்சி இல்லை, வெளியிலிருந்து பறந்து வருவது. சுவரோரம் அடிக்கிற மருந்து அதை எங்கே தடுக்கப்போகிறது? கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே ரப்பர் பட்டை வையுங்கள், ஜன்னல் வலையில் கிழிசலைத் தையுங்கள், வாசல் விளக்கை இரவில் அணையுங்கள், முடியாவிட்டால் மஞ்சள் பல்பு. அம்மா கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, போர்வை தரையில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெத்தைக்கு அடியிலும் ஒரு தடவை தேடுங்கள், இறக்கை இல்லாத குஞ்சுகள் கிடைத்தால் கதை வேறு, எங்கோ உள்ளேயே கூடு இருக்கிறது.

ஒரு துணுக்கு: டார்வின் 1835-ல் அர்ஜென்டினாவின் மெண்டோசா பக்கம் இந்தக் குடும்பத்துப் பூச்சி ஒன்று தன்னைக் கடித்ததை எழுதி வைத்திருக்கிறார். இந்தக் குடும்பம் அமெரிக்கக் கண்டத்துக்கு மட்டும் சொந்தமில்லை. லின்ஷ்கோஸ்டியஸ் என்கிற பேரினம் உலகத்திலேயே இந்தியாவில்தான் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் பாறைக்கு அடியில் கிடைத்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாரோ என்னவோ.

வைகைக்கரை:
சொன்னேன். "அங்கேயுமா" என்றார். பின்வேலி ஓரத்தில் நீங்கள் சொன்ன மாதிரி ஒரு குச்சிக் குவியல் இருக்கிறது, இடுப்பு உயரம். எலிக்கு விஷம் வைத்தால் போதுமா?

பொட்டல்வெளி:
விஷம் மட்டும் வைக்காதீர்கள். எலி செத்தால் கூட்டில் இருக்கிற பூச்சிகள் பசியோடு அடுத்த ஆளைத் தேடும், அடுத்தது உங்கள் ஜன்னல்தான். எலியையும் கூட்டையும் சேர்த்து அகற்ற வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்களே செய்வதென்றால் குவியலுக்குள் கையை மட்டும் விடாதீர்கள், நீளமான கைப்பிடி உள்ள வாருகோல் வேண்டும், தடித்த கையுறை, முகக்கவசம். ராட்டில்ஸ்நேக் என்கிற விஷப்பாம்பு அந்தக் குவியலில்தான் வெயிலுக்கு ஒதுங்கும்.