கட்டை விரல் வீங்கி நிற்கிறது, யூரிக் ஆசிட் நார்மல் என்கிறார்கள். இது கௌட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்) தானா?

கடலூர்க்காரன்:
வயது 44. முந்தாநாள் ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் கட்டை விரலில் வலி எழுப்பிவிட்டது. ஃபேன் காற்றில் போர்வை நுனி ஆடி விரலில் பட்டதற்கே கத்திவிட்டேன். காலையில் பார்த்தால் விரலின் அடிமூட்டு உரித்த சின்ன வெங்காயம் மாதிரி சிவந்து மினுங்குகிறது. பாத்ரூமுக்கு மனைவி தோளைப் பிடித்து நொண்டிப் போனேன்.

எட்டு மாதத்துக்கு முன்னாலும் இதே விரல், இதே வலி. அப்போது பக்கத்து கிளினிக்கில் சுளுக்கு என்று சொல்லி இறுக்கிக் கட்டுப் போட்டார்கள், அதில் உயிர் போய்விட்டது, ஒரு வாரத்தில் தானாகச் சரியானதால் நானும் சுளுக்கு என்றே நம்பிவிட்டேன். இந்த முறை நேற்றே ரத்தம் கொடுத்தேன். யூரிக் ஆசிட் 6.4, ரிப்போர்ட்டில் 7.2 வரை நார்மல் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் கௌட் இல்லை தானே? சித்தி பருப்பு, கீரை எல்லாம் நிறுத்தச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் பீரும் நெத்திலிக் கருவாடும் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரை எடுக்கிறேன்.

பழைய நொண்டி:
ஆறு வருடமாக எனக்கும் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கிக் காட்டலாம். எனக்கு முதல் தடவை 5.9 வந்தது, அதை நம்பி ஒரு வருடம் வீணாக்கினேன். வலி அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சுமார் 6.8க்கு மேல் போனால் அது ரத்தத்தில் கரையாமல் ஊசி ஊசியாகப் படிய ஆரம்பிக்கும், பாதம் உடம்பிலேயே குளிர்ச்சியான இடம் என்பதால் முதலில் அங்கேதான். சந்தேகம் இருந்தால் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், அதுதான் உறுதியான டெஸ்ட். காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், மூட்டில் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் வீங்கும், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் சித்தி சொன்னது. பருப்பும் கீரையும் பாவம், அவற்றால் கௌட் வருவதில்லை. பீர், ஈரல், குடல், மத்தி, நெத்திலி, பாட்டில் குளிர்பானம், இவைதான் எதிரிகள். ஆனால் வாயைக் கட்டினால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், நான் கட்டிப் பார்த்தவன், ஒரு பாயிண்ட் இறங்கினாலே பெரிசு.

மெடிக்கல் கவுண்டர்:
பார்மசியில் வேலை செய்கிறேன். உங்கள் பிரஷர் மாத்திரை அட்டையின் பின்பக்கம் ஹைட்ரோகுளோரோதயசைடு என்று இருக்கிறதா பாருங்கள். அது யூரிக் ஆசிட்டை ஏற்றும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டினால் மாற்றித் தருவார். லோசார்டன் என்ற பிரஷர் மாத்திரை யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கவே செய்யும். கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம், பிரஷர் இருக்கிற ஆளுக்கு கிட்னியில் போய் நிற்கும். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட்டும் பார்த்துவிடுங்கள்.

வலி மாத்திரை அந்த வலியோடு சரி, படிந்ததைக் கரைக்காது. அதற்கு அலோபியூரினால் மாதிரி தினசரி மாத்திரை. 100 மில்லிகிராமில் தொடங்கி, யூரிக் ஆசிட் 6க்குக் கீழே வரும்வரை மாத்திரையின் அளவை ஏற்றுவார்கள். தொடங்கிய முதல் சில மாதம் வலி இன்னும் அடிக்கடி வரலாம், பழைய படிவு கரையும்போது அப்படித்தான். பலர் அங்கேயே மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். அதைத் தாங்கத்தான் கூடவே கொல்சிசின் எழுதுவார்கள். அலோபியூரினால் போட்டு உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

மூலனூர் வெள்ளாமை:
கொல்சிசின் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கம் கண்வலிக் கிழங்கு போடுகிறோமே, அதான் செங்காந்தள், அதன் விதையிலிருந்து எடுப்பதுதான் அது. பூக்கிற காலத்தில் காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும், முதுகு ஒடிந்துவிடும். ஆனால் யாராவது நாட்டு மருந்து என்று கிழங்கைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னால் காதில் வாங்காதீர்கள், அது கொடிய விஷம். மாத்திரையிலேயே அளவு கூடினால் வயிற்றுப்போக்கு பிடுங்கிவிடும்.

கடலூர்க்காரன் (நான்கு வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. வலி அடங்கியபின் எடுத்ததில் 8.7. அட்டையில் அந்த தயசைடு இருந்தது, டாக்டர் மாற்றிவிட்டார். மூன்று நாளாக அலோபியூரினால் 100, கூடவே கொல்சிசின் அரை மில்லிகிராம். விரல் இறங்கிவிட்டது, மேல்தோல் மட்டும் உரிகிறது, செருப்பு மாட்ட முடிகிறது. மச்சான் அடுத்த ஞாயிறு மறுபடி கூப்பிட்டிருக்கிறார். வஞ்சிரம் ஒரு துண்டு சாப்பிடலாமா, அதையும் யாராவது சொல்லுங்கள்.

பழைய நொண்டி:
ஒரு துண்டு சாப்பிடுங்கள். பீர் பாட்டிலை மச்சானிடமே விட்டுவிடுங்கள்.