‘ஆல்பைன் போட்டால் 5 எம்பி’: எங்கே அந்த 5?

பெரம்பூர் லோக்கோ:
புதிதாக வந்தவர்களுக்கு: கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருளை அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துத் தனியாக ஓட்டும் பெட்டி, டாக்கர் அதற்கான கருவி. இமேஜ் அந்தப் பெட்டியின் அச்சு, டாக்கர்ஃபைல் அதைக் கட்டும் குறிப்பு. ஆல்பைனும் டெபியன் ஸ்லிம்மும் அடியில் போடுகிற லினக்ஸ்கள். நேற்று இதே குழுவில் தரமணி தம்பி எழுதியது: “டாக்கர்ஃபைலின் முதல் வரியில் ஆல்பைன் என்று போட்டால் இமேஜ் 5 எம்பிதான். இன்னமும் டெபியன் ஸ்லிம்மைக் கட்டி அழுகிறவர்களுக்கு கன்டெய்னர் என்றால் என்னவென்றே தெரியாது.”

சரி, எனக்குத் தெரியாது. தெரியாமலேயே இத்தனை வருடம் குப்பை கொட்டியாகிவிட்டது. ஒரே ஒரு கேள்வி. அந்த 5 எம்பிக்குள் பைத்தான் இருக்கிறதா? அதில் வெப் ஆப் எழுத உதவும் ஜாங்கோ? அந்த ஆப்பை ஓட்டும் குனிகார்ன்? காலி டிபன் கேரியரைத் தராசில் வைத்துவிட்டு, சாப்பாடே இவ்வளவுதான் என்கிற கதையாக இருக்கிறது.

தரமணி தம்பி:
அண்ணே, நான் சொன்னது பேஸ் இமேஜ், ஆப்பை மேலே ஏற்றுவதற்கு முன் இருக்கிற வெறும் அடித்தளம். பைத்தானோடு சேர்த்தாலே ஆல்பைன் 50 எம்பி பக்கம்தான். ஸ்லிம் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். ஸ்லிம் என்றுகூடப் போடாமல் வெறும் பைத்தானை இழுத்தால் ஏறக்குறைய 1 ஜிபி. எங்கள் டீமில் ஒருவர் அதைத்தான் போட்டு வைத்திருந்தார். அந்தக் கடுப்பில் எழுதியது.

பெரம்பூர் லோக்கோ:
ஒரே ராத்திரியில் 5 என்பது 50 ஆகிவிட்டது. நாளைக்குக் காலையில் வந்து பார்க்கிறேன்.

ஓஎம்ஆர் இரவுக்குருவி:
லோக்கோ சார் எப்போதும் இப்படித்தான். எண்ணைப் பிடித்துத் தொங்குவார், விஷயத்துக்கு வரமாட்டார். சின்ன இமேஜ் என்றால் உள்ளே பொதிகள் (பேக்கேஜ்கள்) குறைவு, பாதுகாப்பு ஸ்கேனில் வரும் எச்சரிக்கையும் குறைவு. இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

பெரம்பூர் லோக்கோ:
விஷயத்துக்கு வருகிறேன், கேளுங்கள். நிரல்களுக்கு அடியில் நிற்கும் சி நூலகம் ஆல்பைனில் மஸ்ல். மற்ற பெரிய லினக்ஸ்களில் இருப்பது ஜிலிப்சி. பைத்தானின் பொதி நிறுவியான பிப் இறக்கித் தருகிற தயார்நிலைப் பொதிகள் ஜிலிப்சிக்காகக் கட்டியவை. அது மஸ்லில் ஓடாது. அப்போது பிப் என்ன செய்யும்? மூலநிரலை இறக்கி, அதை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைல் வேலையை உங்கள் தலையில் கட்டும். ஒருமுறை தரவு அலசும் பாண்டாஸ் பொதி கம்பைல் ஆகட்டும் என்று விட்டுவிட்டுக் கீழே போனேன். டீ, இரண்டு பஜ்ஜி, நண்பனோடு அரசியல் எல்லாம் முடித்து மேலே வந்தால் திரையில் இன்னமும் கம்பைலரான ஜிசிசியின் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. முடிந்த பிறகு பார்த்தால் கம்பைலரும் இமேஜுக்குள்ளேயே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. அதன் அளவு 5 எம்பி இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

ஓஎம்ஆர் இரவுக்குருவி:
மல்டி ஸ்டேஜ் பில்ட் 2017-லேயே வந்துவிட்டது சார். முதல் கட்டத்தில் கம்பைல், இரண்டாவது கட்டத்துக்கு முடிவை மட்டும் காப்பி. ஜிசிசி அங்கேயே நின்றுவிடும். மஸ்லுக்கான தயார்நிலைப் பொதிகளுக்கும் 2021-லேயே தரம் வகுத்துவிட்டார்கள். நீங்கள் இன்னும் பஜ்ஜியிலேயே நிற்கிறீர்கள்.

பெரம்பூர் லோக்கோ:
தரம் வகுத்தால் எல்லாரும் பொதி கட்டிவிட்டார்களா? எங்களுக்கு ஒரு வென்டர் கம்பைல் செய்தே கொடுத்த .எஸ்ஓ நூலகக் கோப்பு ஜிலிப்சி இல்லாமல் அசையாது. அவரிடம் போய் 2021 என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் டிஎன்எஸ், அதாவது சர்வர் பெயருக்கு ஐபி முகவரி கேட்பது. பதில் பெரிதாக இருந்து பாதியில் வெட்டுப்பட்டால் முழுப் பதிலையும் தரும் டிசிபி வழியில் மறுபடி கேட்க வேண்டும். மஸ்ல் கேட்காது. கன்டெய்னரைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியில் இருந்து கிடைக்கிற பெயர் கன்டெய்னருக்குள் மட்டும் கிடைக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு நான்தான் பைத்தியக்காரன் மாதிரி அதையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன்.

தரமணி தம்பி:
அது 2023-ல் மஸ்ல் 1.2.4-ல் சரியாகிவிட்டது அண்ணே. ஆல்பைன் 3.18-லிருந்து அந்தப் பிரச்சினை இல்லை.

பெரம்பூர் லோக்கோ:
2022-ல் போன தூக்கத்தை 2023 திருப்பித் தருமா? அந்த 5 எம்பி எங்கே என்று இன்னும் சொல்லவில்லை.

சிறுசேரி அக்கா:
நான் வேறு ஒன்று சொல்கிறேன். ஒரு சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியல் செய்து கொடுத்தோம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஆல்பைன் இமேஜில். அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அச்செடுத்த தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பினார். கனகா முதலில், அதற்குக் கீழே கபிலன், கமலா. னகரம் கடைசி எழுத்து, பகரத்துக்கு முன்னால் எப்படி வரும் என்று கேட்டார். யூனிகோடில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’வை வைத்திருக்கிறார்கள். மஸ்லுக்கு மொழிவாரி வரிசை தெரியாது, குறியீட்டெண்படி அடுக்கிவிடுகிறது. டெபியன் இமேஜில் தமிழ் லொகேலை (மொழி அமைப்பை) நிறுவி, டேட்டாபேஸை அதிலேயே புதிதாகத் திறந்தோம், சரியானது.

ஓஎம்ஆர் இரவுக்குருவி:
அக்கா, போஸ்ட்கிரெஸ் 15-லிருந்து ஆல்பைன் இமேஜிலும் ஐசியு நூலகத்தின் மொழிவாரி வரிசை உண்டு. அதோடு இது டேட்டாபேஸ். இங்கே பேச்சு வெப் ஆப் கொள்கலனைப் பற்றி.

கட்டுமரம்:
கொள்கலனா? எண்ணூர் சாலையில் நாள் முழுக்க டிரெய்லர் ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், கன்டெய்னர் என்றுதான் சொல்வார். சமையலறையில் பருப்பு கொட்டி வைக்கிற டப்பா மாதிரி இருக்கிறது உங்கள் சொல்.

ஓஎம்ஆர் இரவுக்குருவி:
துறைமுகத்துச் சரக்குப்பெட்டியைப் பார்த்து வைத்த பெயர்தானே அது? தமிழில் சொன்னால் மட்டும் ஏன் கசக்கிறது?

கட்டுமரம்:
கசக்கவில்லை. அப்படியானால் இமேஜை என்ன சொல்வீர்கள்? படிமமா, பிம்பமா? முதலில் உங்களுக்குள் பேசி முடிவுசெய்யுங்கள். போன தடவை இமேஜில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் லேயருக்கு ‘அடுக்கு’ என்று ஆரம்பித்து நாற்பது பதிவு போனது.

பெரம்பூர் லோக்கோ:
லேயர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரே சர்வரில் பத்து சேவைகள் ஒரே ஸ்லிம் லேயர்மேல் நின்றால் அது டிஸ்க்கில் ஒரு தடவைதான் இருக்கும், ஒரு தடவைதான் இறங்கும். இந்தக் கணக்கே தெரியாமல் எம்பி எம்பி என்று குதிக்கிறீர்கள்.

ஓஎம்ஆர் இரவுக்குருவி:
லேயரைப் பற்றி நீங்கள் பாடம் எடுக்கலாமா சார்? பாஸ்வேர்ட் இருக்கும் .என்வி கோப்பை இமேஜுக்குள் காப்பி செய்துவிட்டு, அடுத்த வரியில் ஆர்எம் போட்டு அழித்துவிட்டதாக இதே குழுவில் டாக்கர்ஃபைல் பகிர்ந்தது யார்? அழித்த கோப்பு முந்தைய லேயரில் அப்படியே இருக்கும். பாஸ்வேர்டை எடுத்துக் காட்டியதே நான்தான்.

பெரம்பூர் லோக்கோ:
அது டெஸ்ட் பாஸ்வேர்ட். அதை அன்றைக்கே சொன்னேன். உங்கள் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் கதையையும் எடுக்கட்டுமா? ஷெல் தன் இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லும் எக்ஸெக்கைக் கடைசி வரியில் போடாமல் குனிகார்னை ஓட்டியவர் நீங்கள். கன்டெய்னரின் முதல் ப்ராசஸான பிஐடி 1-ல், ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல் உட்கார்ந்துகொள்ளும், நிறுத்தச் சொல்லும் சிக்னல் குனிகார்னுக்குப் போகாது. டாக்கர் 10 விநாடி காத்திருந்துவிட்டுக் கழுத்தை நெரிக்கும். புதுப் பதிப்பு ஏற்றும் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் பாதியில் அறுந்த கோரிக்கைகள். மூன்று வாரம் ‘நெட்வொர்க் பிரச்சினை’ என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

ஓஎம்ஆர் இரவுக்குருவி:
மூன்று வாரம் இல்லை, இரண்டு வாரம்.

சிறுசேரி அக்கா:
னகரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஐசியு இருந்தால் மட்டும் போதாது, அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பாதிப் பேர் கேட்பதில்லை.

தரமணி தம்பி:
எல்லாரும் ஒரு நிமிடம். இப்போதுதான் எங்கள் உண்மையான ஆப்பைக் கட்டிப் பார்த்தேன். ஆல்பைன், மல்டி ஸ்டேஜ், ஜாங்கோ, எல்லாப் பொதிகளும் சேர்த்து 148 எம்பி. போதுமா அண்ணே?

பெரம்பூர் லோக்கோ:
அதில் 5 எங்கே?

தரமணி தம்பி:
அதையே ஸ்லிம்மில் கட்டினால் எவ்வளவு வருகிறது என்று நீங்கள் சொல்லுங்களேன்.

பெரம்பூர் லோக்கோ:
நான் ஏன் சொல்ல வேண்டும்? 5 என்று சொன்னது நானா?