உயர்த்திய வண்டியில் ஐட்லர் ஆர்முக்குத் தாங்கி: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, என் வண்டி 2005 செவர்லே சில்வராடோ 2500 எச்டி பிக்கப். ஆறு அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர் போட்டிருக்கிறேன். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைகிறது; முன் டயர்களின் ஓரம் தேய்கிறது. நின்ற நிலையில் ஒருவரை ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டச் சொல்லி அடியில் பார்த்தால், சென்டர் லிங்க் (ஸ்டீயரிங் அசைவை இரு முன் சக்கரங்களுக்கும் கொண்டுபோகும் நடுத் தண்டு) பக்கவாட்டில் நகரும் முன்பே சற்று உருண்டு முறுகுகிறது. அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் டை ராடு தண்டுகளின் முனைகளில் ஆட்டமில்லை. சென்டர் லிங்கை ஒரு பக்கம் அசைக்கும் பிட்மேன் ஆர்ம், மறுபக்கம் தாங்கும் ஐட்லர் ஆர்ம் ஆகியவற்றின் மூட்டுகள்தான் இளகுகின்றன. பட்டறையிலோ மறுபடியும் வீல் அலைன்மென்ட் என்கிறார்கள். மூட்டு ஆடும்போது அது எப்படி நிற்கும்?

இரண்டு ஆர்ம்களையும் வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் தாங்கியைப் பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா? தேய்ந்த ஐட்லர் ஆர்மை முதலில் மாற்ற வேண்டுமா? பொருத்திய பிறகு கிரீஸ் அடிக்க இடம் இருக்கிறதா? படம் இருந்தால் இன்னும் நல்லது.