போர்வெல் தண்ணிக்கு எந்த மீன்?

கேள்வி: 2 அடி தொட்டி, 50 லிட்டர். டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்புகளோட அளவு) 900. தொட்டி வச்சு ஒரு வாரம்தான். நியான் டெட்ரா விட்டா மூணே நாள்ல மிதக்குது. வேற எது தாங்கும்?

பதில் 1: நியான் அமேசான் பக்கத்து மீனுங்க, கடினத்தன்மை இல்லாத தண்ணி கேக்கும். உங்களுக்குக் கப்பிதான். 1 ஆணுக்கு 2 பெண் கணக்குல விடுங்க. ஆண் கூடினா பெண்ணைத் துரத்தியே சாகடிச்சிடும். மோலியும் சரிவரும்.

பதில் 2: தண்ணி மட்டும் காரணமில்ல. மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷம்; அதைத் தின்னுற பாக்டீரியா உருவாக 4 வாரமாவது ஆகும். அதுவரை 3 கப்பி போதும், தீனி ஒரு சிட்டிகை. வாரம் கால் பங்கு தண்ணி மாத்துங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணியிலேயே பிழிஞ்சு எடுங்க; குளோரின் கலந்த குழாய்த் தண்ணி பட்டா பாக்டீரியா காலி.

பதில் 3: கோல்ட்ஃபிஷ் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அதுக்கு இந்தத் தொட்டி பத்தாது.